நாஸ்கார் யூரோ சீரிஸ் பந்தயத்தை நேரில் பார்க்க: விசா முதல் பேடக் வரை

அமெரிக்காவில் பிரபலமான நாஸ்கார் கார் பந்தயம் ஐரோப்பாவிலும் நடக்கிறது என்று சொன்னால், கார் பந்தயத்தை விடாமல் பார்க்கிறவர்களே “அது அமெரிக்காவில்தானே?” என்று கேட்கிறார்கள். இங்கேயும் நடக்கிறது. நாஸ்கார் அமைப்பின் அங்கீகாரத்தோடு 2012 முதல் ஓடிக்கொண்டிருக்கிற தொடர் இது. ஸ்பெயின், இத்தாலி, பிரிட்டன், செக் குடியரசு, ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் என்று நாடு நாடாகப் போகும். ஃபார்முலா ஒன் டிக்கெட்டுக்குச் சில நூறு யூரோ கொடுத்துவிட்டு, காரைவிடப் பெரிய திரையையே அதிக நேரம் பார்த்துத் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. இங்கே அதில் சிறு பகுதி செலவில் காருக்கு இரண்டடி பக்கத்தில் நிற்கலாம்.

ஆனால் போவதற்கான தகவல் ஒரே இடத்தில் கிடைக்காது. பந்தய அட்டவணை ஒரு பக்கம், டிக்கெட் அந்தந்த மைதானத்தின் தளத்தில், விசா விதி வேறெங்கோ. எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒன்றுசேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஜெர்மனியில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கிறவன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும், லண்டனிலோ பாரிஸிலோ இருக்கிற நம்மவர்களுக்கும் எது மாறும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

தேடும்போது ஒன்று. 2024 வரை இதன் பெயர் நாஸ்கார் வீலன் யூரோ சீரிஸ். பழைய வீடியோக்கள், ரசிகர் குறிப்புகள் எல்லாம் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். 2025 முதல் வெறும் நாஸ்கார் யூரோ சீரிஸ்.

1. முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள், அப்புறம் அட்டவணை

எல்லோரும் செய்கிற தவறு, பிடித்த மைதானத்தை முதலில் தேர்ந்தெடுப்பது. அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் எங்கே போக விடுகின்றன என்பதில் தொடங்குங்கள்.

ஷெங்கன் நாடு ஒன்றில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில், குடியிருப்பு அனுமதியோடு இருக்கிறீர்களா? மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் போய்வரலாம். தொடரின் மைதானங்களில் வலென்சியா (ஸ்பெயின்), வல்லலுங்கா (இத்தாலி), மோஸ்ட் (செக் குடியரசு), ஓஷர்ஸ்லேபன் (ஜெர்மனி), ஸோல்டர் (பெல்ஜியம்) எல்லாமே இதற்குள் வந்துவிடும். பாஸ்போர்ட்டையும் அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் காலத்தில் எல்லை தாண்டுவதாக இருந்தால், கையில் இருக்கிற தற்காலிகத் தாள் பயணத்துக்குச் செல்லுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாத் தற்காலிகத் தாளும் செல்லாது.

பிராண்ட்ஸ் ஹாட்ச் மட்டும் தனிக் கதை. அது பிரிட்டனில், லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட்டில் இருக்கிறது. ஜெர்மன் குடியிருப்பு அட்டை அங்கே எதற்கும் உதவாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா எடுத்தே ஆக வேண்டும்.

பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ், நார்வே குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி கட்டாயம். இது பலருக்கு இன்னும் தெரியவில்லை. அடையாள அட்டையைக் காட்டி பிரிட்டனுக்குள் போன காலமும் பெரும்பாலானவர்களுக்கு 2021 அக்டோபரோடு முடிந்தது, பாஸ்போர்ட்தான் வேண்டும். பிரான்ஸின் கலே துறைமுகம் வரை காரோட்டிப் போய்விட்டு, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் பாஸ்போர்ட் இல்லாததால் எல்லோருமாகத் திரும்பிய குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் ஸோல்டருக்கோ வலென்சியாவுக்கோ விசா இல்லாமல் போகலாம். ஆனால் பாஸ்போர்ட் கொடுத்த தேதியிலிருந்து பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகவும் வேண்டும். பிரிட்டனில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கிற இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

இதெல்லாம் தெளிவான பிறகு அட்டவணையை எடுங்கள். சீசன் பெரும்பாலும் ஏப்ரலில் வலென்சியாவில் தொடங்கி, ஜூனில் பிராண்ட்ஸ் ஹாட்ச் வந்து, அக்டோபரில் ஸோல்டரில் முடியும். மற்ற சுற்றுகளின் மாதமும் வரிசையும் வருடத்துக்கு வருடம் மாறும். நெதர்லாந்தின் வென்ரேயில் இருக்கிற அரை மைல் வட்டப்பாதை சில வருடம் பட்டியலில் இருக்கும், சில வருடம் இருக்காது. அது இருக்கிற வருடம் என்றால் என் ஓட்டு அதற்குத்தான், ஏனென்றால் அமெரிக்க பாணி வளைய ஓட்டத்தை இந்தத் தொடரில் பார்க்கிற வாய்ப்பு அபூர்வம்.

2. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு: ஷெங்கன் விசா

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே கொடுக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் என்று விதி சொல்கிறது, அதை நம்பி உட்காராதீர்கள். முடிவு வர 15 நாள் என்பது வழக்கம், 45 நாள் வரை இழுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், கோடை நெருங்க நெருங்க விசா மையத்தில் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிடும். ஏப்ரல் பந்தயத்துக்கு டிசம்பர் அல்லது ஜனவரியில் நேரம் பிடியுங்கள். அக்டோபர் ஸோல்டருக்கு ஜூலை தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தால் நிம்மதி.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பந்தயம் எங்கே என்பது இதில் கணக்கில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். வலென்சியாவில் மூன்று நாள், பாரிஸில் ஆறு நாள் என்றால் பிரான்ஸ். நாள் கணக்கு சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. இதை மாற்றிக் கொடுத்தால், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பொறுப்பு தங்களுடையது இல்லை என்று திருப்பிவிடலாம்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தால் 90 யூரோ திரும்ப வராது.

ஆவணங்களில் எல்லா நாடும் கேட்பது இவை: மூன்று மாதம் கூடுதல் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கமும் உள்ள பாஸ்போர்ட், 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், ஷெங்கன் முழுவதற்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, போக வர விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி தாக்கல், சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம். காப்பீட்டுத் தேதியில் கஞ்சத்தனம் வேண்டாம். விமானம் ஞாயிறு இரவு கிளம்பித் திங்கள் காலை வந்து சேர்கிறது என்றால் திங்களும் காப்பீட்டில் இருக்கட்டும்.

கூடவே ஒரு பக்கத்துக்கு முகப்புக் கடிதம் எழுதுங்கள். “சுற்றுலா” என்று மட்டும் போடாமல், எந்தத் தொடர், எந்த மைதானம், எந்தத் தேதி, அங்கிருந்து தங்குமிடம் எவ்வளவு தூரம் என்று எழுதி, பந்தய டிக்கெட்டின் அச்சுப் பிரதியை இணையுங்கள். பயணத்துக்கு ஒரு தேதியும் காரணமும் இருப்பது விண்ணப்பத்துக்குப் பெரிய பலம். டிக்கெட் விலை குறைவு என்பதால் விசாவுக்கு முன்பே வாங்கினாலும் பெரிய நட்டமில்லை. விமானத்துக்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள், முன்பதிவு போதும்.

ஜெர்மனியில் இருக்கிற பிள்ளை அப்பா அம்மாவை அழைப்பதாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, அவர்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று உறுதிப் பத்திரம் எடுத்து அனுப்பலாம். அதற்கும் அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். பெரிய ஊர்களில் அந்த நேரம் கிடைக்கவே வாரக்கணக்காகும், அதையும் கணக்கில் சேருங்கள். ஜெர்மனி விசாவில் வந்தவர்களை ஒரு வார இறுதிக்கு ஸோல்டர் கூட்டிப்போவதில் தடையில்லை.

2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் புதிய பதிவு முறை வந்திருக்கிறது. முதல் முறை வருகிறவர்களிடம் முகப்படம் எடுக்கிறார்கள், விசா வேண்டாதவர்களிடம் கைரேகையும். வரிசை நீளும். ஆகவே வெள்ளி மாலை இறங்கி சனி காலை மைதானம் என்று நெருக்கித் திட்டம் போடாதீர்கள். வியாழன் வந்துவிடுங்கள்.

3. பிராண்ட்ஸ் ஹாட்ச் என்றால்: பிரிட்டன் விசா

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிலிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு வழக்கமாக மூன்று வாரத்துக்குள். ஜூன் பந்தயத்துக்கு மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ கொடுத்துவிடுங்கள். ஆறு மாத விசாவுக்கு 2025 ஏப்ரலில் கட்டணம் 115 பவுண்டிலிருந்து 127 ஆனது. அடிக்கடி ஏற்றுகிறார்கள், கட்டும் நாளில் அரசு தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் அதே கட்டணம், ஷெங்கன் மாதிரி சலுகை கிடையாது.

இங்கே பெரிய பொறி மொழி. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணம் ஒவ்வொன்றுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்கிறார்கள். ஜெர்மன் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வங்கி அறிக்கை என்று அடுக்கினால் மொழிபெயர்ப்புச் செலவு விசாக் கட்டணத்தையே தாண்டிவிடும். அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் பதவி, சம்பளம், சேர்ந்த தேதி, விடுப்பு எல்லாம் ஒரே கடிதத்தில் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல வங்கிச் செயலிகளில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அறிக்கையைப் பதிவிறக்கினால் அதுவும் ஆங்கிலத்திலேயே வரும். அப்புறம் மொழிபெயர்க்க மிஞ்சுவது ஒன்றிரண்டு தாள்தான்.

கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். விளக்கமில்லாத வரவு மறுப்புக்கு அடிக்கடி காரணமாகிறது.

விசாவுக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவைக்க வேண்டியிருந்தால் அந்த வாரங்களில் வேறெங்கும் போக முடியாது. அந்த இடைவெளியில் ஊரில் கல்யாணம், காதுகுத்து ஏதாவது இருக்கிறதா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

4. டிக்கெட்

டிக்கெட்டை அந்தந்த மைதானத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்களில் அதே டிக்கெட்டுக்கு இருமடங்கு கேட்பார்கள். இந்தப் பந்தயத்துக்கு “விற்றுத் தீர்ந்தது” என்ற பேச்சே பெரும்பாலும் வராது, யாராவது அப்படி அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள்.

இரண்டு நாள் டிக்கெட்டையே எடுங்கள். ஒரு நாளுக்கும் இரண்டு நாளுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான், முன்கூட்டி வாங்கினால் இன்னும் குறையும். வாங்கும் முன் பேடக் அனுமதி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பேடக் என்பது குழுக்களின் லாரிகளும் கூடாரங்களும் நிற்கிற பின்பகுதி. பாதி சந்தோஷம் அங்கேதான் இருக்கிறது. பல மைதானங்களில் டிக்கெட்டிலேயே அடங்கிவிடும், சிலவற்றில் சின்னத் தொகை தனி.

பிராண்ட்ஸ் ஹாட்சில் 13 வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு இலவசம். மற்ற இடங்களில் வயது வரம்பு மாறும்.

5. போய்ச் சேர்வது

பிராண்ட்ஸ் ஹாட்ச்: லண்டன் விக்டோரியாவிலிருந்து ஸ்வான்லிக்கு ரயில் அரை மணி நேரச் சமாசாரம். அங்கிருந்து மைதானம் ஐந்து கிலோமீட்டர் போல. நிலையத்தில் டாக்ஸி காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள், முந்தைய நாளே திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.

ஓஷர்ஸ்லேபன்: மாக்டபுர்க் போய், அங்கிருந்து வட்டார ரயிலில் அரை மணி. ஜெர்மனியில் இருப்பவர்கள் நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டிலேயே போய்விடலாம். 2025-இல் 58 யூரோவாக இருந்தது 2026 ஜனவரி முதல் 63. வட்டார ரயிலிலும் பேருந்திலும் மட்டும் செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் ஏறக் கூடாது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்கும் இதை எடுக்கலாம், ஆனால் இது மாதச் சந்தா. பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். வாங்கிய அன்றே ரத்து செய்துவிடுவது நல்லது, அந்த மாதம் முடியும் வரை எப்படியும் செல்லும்.

ஸோல்டர்: பிரஸ்ஸல்ஸிலிருந்து ஹாசெல்ட்டுக்கு ரயில், அப்புறம் பேருந்து அல்லது டாக்ஸி. ஞாயிற்றுக்கிழமை பேருந்து மிகக் குறைவு. ஆஹன், கொலோன் பக்கம் இருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து காரில் போவதுதான் சுகம்.

மோஸ்ட்: பிராகாவிலிருந்து வடமேற்கே, சாக்சனி எல்லைக்குப் பக்கம். ஜெர்மனியிலிருந்து காரில் போனால் செக் நெடுஞ்சாலைக்கு மின்னணுச் சுங்க அனுமதி வாங்க வேண்டும். அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், அதே மாதிரி தோற்றம் கொடுத்துக் கூடுதல் கட்டணம் பிடுங்குகிற தளங்கள் தேடலில் மேலேயே வந்து நிற்கும். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். சொல்லாமல் தாண்டினால் காப்பீடு கைவிட்டுவிடும்.

வலென்சியா மைதானம் ஊருக்குள் இல்லை, செஸ்தே என்ற ஊர்ப் பக்கம். வல்லலுங்கா ரோமிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் போல. இரண்டுக்கும் கார் இருந்தால் நல்லது. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு வருகிறவர்கள் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வாருங்கள். இங்கே வந்தபின் அதை வாங்க முடியாது.

தங்குமிடத்துக்கு மைதானத்தின் பக்கத்து ஊரைவிட அடுத்த பெரிய ஊரே மலிவு. ஓஷர்ஸ்லேபனுக்கு மாக்டபுர்க், ஸோல்டருக்கு ஹாசெல்ட் அல்லது கெங்க். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள், விசா வரும் வரை அது முக்கியம்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

காது அடைப்பான். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், 400 குதிரைத்திறனுக்கு மேல், அப்படி இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் அதிரும். பெரியவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கிற நுரை அடைப்பான் போதும். பிள்ளைகளுக்குத் தலையில் மாட்டுகிற காது மூடிதான், வாங்கிவிட்டே கிளம்புங்கள். கைக்குழந்தையைக் கொண்டுவர வேண்டாம் என்பேன்.

மழை உடை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சாலை வளைவுப் பாதைகளில் மழை பெய்தாலும் மழை டயர் மாட்டி ஓட்டுவார்கள், பந்தயம் நிற்காது. குடை விரித்தால் பின்னால் இருப்பவர் கத்துவார், அதனால் ரெயின்கோட்.

சாப்பாடு பெரும்பாலும் பர்கர், தொத்திறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் மிஞ்சும். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், இரண்டாம் நாளும் கெடாது. கண்ணாடிப் பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஜெர்மனியில் பானக் கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் வரும். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

7. இரண்டு நாளையும் எப்படிப் பயன்படுத்துவது

முதலில் போட்டியின் அமைப்பு புரிய வேண்டும், இல்லையென்றால் “இந்த வண்டி இப்போதுதானே ஓடியது?” என்று குழம்புவீர்கள். இரண்டு பிரிவுகள். முன்பு யூரோநாஸ்கார் ப்ரோ, யூரோநாஸ்கார் 2 என்றிருந்தவை 2025-இல் வி8ஜிபி, ஓபன் என்று பெயர் மாறின. முதலாவது அனுபவசாலிகளுக்கு, இரண்டாவது வளர்ந்து வருகிறவர்களுக்கும் ஆர்வத்தில் ஓட்டுகிறவர்களுக்கும். ஒரே காரை இரண்டு பிரிவு ஓட்டுநரும் பங்கிட்டுக்கொள்வார்கள், எண்ணும் அதே எண்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு பந்தயம் என்று வார இறுதியில் மொத்தம் நாலு. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவோ எரிபொருள் நிரப்பவோ நிறுத்துவது (பிட் ஸ்டாப்) கிடையாது. ஆகவே சும்மா இருக்கிற நேரமும் கிடையாது.

இந்தப் பங்கீட்டால் சனிக்கிழமை மாலை பேடக்கில் நடப்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒருவர் ஓட்டி முடித்து இறங்கியதும் அவர் உடம்புக்கு வார்த்த இருக்கை மெத்தையை உருவி எடுத்துவிட்டு அடுத்தவருடையதைச் செருகுவார்கள், இருக்கைப் பட்டையின் நீளத்தை மாற்றுவார்கள். முந்தைய பந்தயத்தில் காரின் மூக்கு உடைந்திருந்தால், அதை உடைத்தவர் ஒருவர், அதோடு அடுத்து ஓட வேண்டியவர் இன்னொருவர். கண்ணாடியிழைப் பலகையை இரண்டு பேர் முட்டியால் அழுத்திப் பிடிக்க, மூன்றாவது ஆள் பட்டை பட்டையாக ஒட்டுநாடா இழுத்து ஒட்டுவார். அடுத்த ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்பார். வெளியே கமாரோ, மஸ்டாங், கேம்ரி என்று முகம் வேறுவேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே குழாய்ச் சட்டகம் என்பது மூடியைக் கழற்றி வைத்திருக்கும்போது பளிச்சென்று தெரியும். ஏ.பி.எஸ். இல்லை, சறுக்கல் கட்டுப்பாடு இல்லை, நாலே கியர். வளைவில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் ஏன் அப்படி ஆட்டம் போடுகிறது என்பது அப்போது புரியும்.

இன்னொன்று. இரண்டாம் பந்தயத்தின் தொடக்க வரிசையில் யார் எங்கே நிற்பார் என்பது முதல் பந்தயத்தில் அவரவர் ஓட்டிய வேகமான சுற்றை வைத்து முடிவாகிற முறை இங்கே உண்டு. அதனால் சனிக்கிழமை பின்வரிசையில் மாட்டிக்கொண்டவர் கடைசிச் சில சுற்றுகளில் உயிரைக் கொடுத்து ஓட்டினால் அது வீண் ஆவேசம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கான முதலீடு. கைபேசியில் நேரப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு பாருங்கள்.

கையெழுத்து நேரமும், கார்கள் வரிசையில் நிற்கும்போது ரசிகர்களை ஓடுபாதைக்குள் விடுகிற நேரமும் அன்றைய அட்டவணையில் இருக்கும். வாசலில் கொடுக்கிற தாளைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பாதைக்குள் விடுவது சில நிமிடம்தான், திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே கதவருகே நில்லுங்கள். ஓட்டுநர் படம் போட்ட அட்டையை இலவசமாகவே தருவார்கள். நாலு முறை பட்டம் வென்ற அலோன் டே மாதிரியான ஆட்களைக்கூட இந்தத் தொடரில் கூடாரத்து வாசலில் நின்று பேசிவிட்டு வர முடிந்திருக்கிறது.

எங்கே நிற்பது? பிராண்ட்ஸ் ஹாட்சில் சுற்றுப்பாதை இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு, ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பேடக் ஹில் வளைவின் புல்மேட்டில் இடம் பிடித்தால் கார்கள் சரிவில் விழுந்து ட்ரூயிட்ஸ் என்ற அடுத்த வளைவுக்கு ஏறித் திரும்புவது முழுக்கக் கண்ணுக்குள் இருக்கும். வலென்சியா அரங்கம் மாதிரி கட்டியது, எந்த மேடையில் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய முழுப் பாதையும் தெரியும். பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு இந்த இரண்டையும்தான் சொல்வேன். ஸோல்டர் மரங்களுக்குள் நீள்கிற நாலு கிலோமீட்டர் பாதை, முழுவதும் தெரியாது. ஒவ்வொரு பந்தயத்தையும் ஒவ்வொரு இடத்திலிருந்து பாருங்கள், முக்கியமாகக் கார்கள் முந்தப் பார்த்து முட்டிக்கொள்கிற, இடமும் வலமுமாகச் சட்டென்று ஒடிகிற சிகேன் வளைவின் பக்கம். பழைய பந்தயங்கள் யூடியூபில் முழுசாக, இலவசமாகக் கிடைக்கின்றன. போகிற மைதானத்தின் பந்தயம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் எங்கே நிற்பது என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

8. ஓட்டவே ஆசை என்றால்

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் அமெரிக்காவில் நாஸ்கார் ட்ரக் தொடரில் ஓட்டியவர். ஆகவே இது நமக்கு எட்டாத இடம் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் காகித வேலை அதிகம். சர்வதேசப் பந்தய உரிமம் வேண்டும், இந்தியக் குடிமக்களுக்கு அதைத் தருவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ., அதன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவச் சான்றும், உள்நாட்டுப் பந்தயங்களில் ஓடிய பதிவும் கேட்பார்கள். ஐரோப்பாவில் வாழ்கிறவர் அந்த நாட்டு அமைப்பிடம் உரிமம் எடுக்க நினைத்தால் தாய்நாட்டு அமைப்பின் சம்மதக் கடிதம் தேவைப்படும், அதற்குச் சில வாரம் ஒதுக்குங்கள்.

தொடரை நடத்துகிறவர்கள் சீசன் இடைவெளியில் புதியவர்களுக்குச் சோதனை ஓட்டம் வைப்பது வழக்கம். அதில் கலந்துகொண்ட பிறகு குழுக்களோடு பேச்சு தொடங்குங்கள். எந்தக் குழு விலை சொன்னாலும் டயர், சோதனை ஓட்டம், நுழைவுக் கட்டணம், விபத்துச் சேதம் இவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் வாங்குங்கள். விபத்துச் சேதம்தான் குடும்பத்தைக் கவிழ்க்கும். காரில் இன்னொருவர் பங்கு இருப்பதால் அவர் உடைத்தால் யார் கட்டுவது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

9. திரும்பிய பிறகு

ஷெங்கன் விசாவில் வந்தவர்கள் விமான ஏற்று அட்டை, அறை ரசீது, பந்தய டிக்கெட் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய, இந்தியாவில் வாழும் இந்தியர்களுக்கு இரண்டு வருடப் பல்நுழைவு விசா கிடைக்க வழி இருக்கிறது, அதற்குப் பிறகு ஐந்து வருடம். பாஸ்போர்ட் அத்தனை வருடம் செல்லுபடியாக இருக்க வேண்டும், தீரப்போகிறது என்றால் விண்ணப்பத்துக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். அடுத்த வருட அட்டவணை வெளிவந்ததும் முதல் வேலையாக விசா மையத்தில் நேரம் பாருங்கள், டிக்கெட்டெல்லாம் அப்புறம்.